பட்டியலில் உள்ள வற் வரியைக் கணக்கிடுவது எப்படி?

கொழும்பிலிருந்தோ மன்னாரிலிருந்தோ சரக்கு எடுக்கும் அரிப்பு, சிலாவத்துறைப் பகுதி வர்த்தகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பட்டியலின் அடியில் உள்ள மொத்தத் தொகையில் வரி எவ்வளவு? அதை நமது விற்பனை விலையில் எப்படிச் சேர்ப்பது?

அமெரிக்காவில் மாநிலம் ஒரு வீதமும் நகரம் இன்னொரு வீதமுமாக விற்பனை வரி விதிக்கின்றன. நமது நாட்டிலும் மாகாண சபைகள் புரள்வு வரி அறவிட்ட காலம் இருந்தது. 2011 இல் அது நீங்கிவிட்டது. முசலி பிரதேச சபைக்குச் செலுத்தும் அனுமதிப்பத்திரக் கட்டணமும் வருடாந்த வியாபார வரியும் வேறு. அவை பட்டியலுக்குப் பட்டியல் சேரும் வரியல்ல. ஆகவே கொள்வனவில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது பெறுமதி சேர் வரி, அதாவது வற். 2002 ஆகஸ்டில் அறிமுகமான இவ்வரியின் வீதம் பலமுறை ஏறி இறங்கி, 2024 ஜனவரி முதல் 18 ஆனது.

தவறு நடக்கும் இடம் இதுதான். பெயின்ட் வாங்கிய பட்டியலில் வரி உட்பட 118,000 ரூபா என்றிருந்தால், பலர் அத்தொகைக்கே 18 வீதம் பார்த்து 21,240 ரூபா வரி என்கிறார்கள். அது பிழை. வரி சேராத விலைக்குத்தான் 18 வீதம். மொத்தத்தை 118 ஆல் வகுத்து 18 ஆல் பெருக்குங்கள். வரி 18,000 ரூபா மட்டுமே. ஒரே பட்டியலில் 3,240 ரூபா வித்தியாசம்!

வற் வரிக்குப் பதிவு செய்யாத கடைக்காரருக்கு இந்த 18,000 ரூபா திரும்பக் கிடைக்காது. அது அவருடைய அடக்கவிலை. லொறிக் கூலி 4,000 என்றால் அடக்கம் 122,000. அதன்மேல் 10 வீத இலாபம் வைத்தால் 134,200 ரூபாவுக்கு விற்கலாம். ஆனால் பட்டியலில் ‘வற் 18 வீதம்’ என்று தனியாக எழுதி வாங்கக்கூடாது. சட்டப்படி குற்றம், மார்க்கப்படி பார்த்தாலும் நமக்கு உரிமையில்லாத பணம்.

பதிவு செய்தவர் கணக்கு வேறு. அடக்கம் 104,000, இலாபத்துடன் 114,400, அதற்கு வற் 20,592. கொள்வனவில் கொடுத்த 18,000 ஐக் கழித்து 2,592 ரூபாவை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்குக் கட்டுவார். கழிப்பதற்கு முறையான வரிப்பட்டியல் வேண்டும். வழங்குநரின் பதிவிலக்கம் 7000 என்று முடிகிறதா என முதலில் பாருங்கள். துண்டுச் சீட்டில் கொடுத்த வரியைக் கழிக்க முடியாது. விற்பனையில் பாதித் தொகைக்கு 2.5 வீதம் சமூகப் பாதுகாப்பு அறவீடும் சில்லறை வியாபாரிக்கு உண்டு. அதைக் கழிக்க வழியில்லை, விலையிலேயே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

யார் பதிவு செய்ய வேண்டும்? 2024 ஜனவரியில் எல்லை வருடத்துக்கு 60 மில்லியன் ரூபாவாக வைக்கப்பட்டது. நாளொன்றுக்குச் சுமார் 164,000 ரூபா விற்பனை. 2026 வரவு செலவுத் திட்டத்தில் இதை 36 மில்லியனாகக் குறைக்க முன்மொழிந்தார்கள். அப்படியானால் நாளொன்றுக்கு ஒரு இலட்சத்துக்கும் குறைந்த விற்பனை! ‘நாங்கள் சின்னக் கடை’ என்றிருப்பவர்கள், கடந்த பன்னிரண்டு மாத விற்பனைப் புத்தகத்தை இப்போதே கூட்டிப் பார்த்துவிட்டு, நடைமுறையிலுள்ள எல்லையைத் திணைக்களத்திடம் கேட்டறிந்துகொள்ளுங்கள்.