பின்னர்ப் பூட்டிய பாகங்களும் மோட்டார்க் காப்புறுதியும்

காங்கேசன்துறை வீதியில், இணுவிலுக்கும் சுன்னாகத்துக்கும் இடையே அமைந்துள்ளது மருதனார்மடம். 1913 ஆம் ஆண்டில் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெண்களுக்கென நிறுவிய கல்லூரியாலும், ஆஞ்சநேயர் கோயிலாலும், மரக்கறிச் சந்தையாலும் பெயர்பெற்ற ஊர் அது. அவ்வூர்ச் சந்தியைக் கடந்து செல்லும் மோட்டார் வண்டிகளைச் சிறிது நேரம் நின்று நோக்குவோருக்கு ஓர் உண்மை புலனாகும். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த கோலத்தில் ஓடாத வண்டிகள் அவற்றுட் பல. ஒன்றுக்குப் புதிய சில்லுகள். மற்றொன்றுக்கு மெத்தை வைத்துத் தைத்த ஆசனங்கள். வேறொன்றுக்குக் குளிரூட்டியும் ஒலிபெருக்கியும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்வழக்கம் ஆடம்பரத்தால் மட்டும் வந்ததன்று. 1960 களின் தொடக்கத்தில் கார் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு வந்த காலந்தொட்டு, இருக்கும் வண்டியைப் பழுதுபார்த்து ஓட்டுவதே வழியாயிற்று. போர்க்காலத்தில், 1990 களில், பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளானபோது, சிறிதளவு பெற்றோலால் இயந்திரத்தைக் கிளப்பிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓடச்செய்த பெருமை இங்குள்ள கராஜ்காரருக்கு உண்டு. ஆஸ்டின் ஏ-40, மொறிஸ் மைனர் முதலிய பழங்கார்கள் இந்நிலத்தில் நெடுங்காலம் உயிர்தரித்தது அவர்களது கைவன்மையாலேயே. கிடைத்ததைக் கொண்டு பொருத்தும் அக்கலையின் தொடர்ச்சியே இன்றைய மாற்றங்களும் எனலாம்.

இத்தகைய வண்டி விபத்தில் சிக்கி, திருத்தவே இயலாதபடி நொறுங்கிப்போனால், பின்னர்ப் பூட்டிய பாகங்களுக்கும் காப்புறுதி நிறுவனம் பணம் கொடுக்குமா? செலவழித்த தொகை முழுவதும் திரும்பி வரும் என்று நம்பியிருப்போர் பலர். ஒன்றுமே வராது என்று கைவிட்டிருப்போரும் உளர். இரண்டும் முழு உண்மையல்ல.

முதலாவதாக, காப்புறுதியின் வகையை அறிதல் வேண்டும். 1951 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்தின்படி கட்டாயமாக எடுக்கவேண்டிய காப்புறுதி, மூன்றாம் ஆளுக்கு நேரும் தீங்குக்கே உரியது. அதை மட்டும் வைத்திருப்பவரின் சொந்த வண்டி சாம்பலானாலும், அவ்வண்டிக்கென ஒரு சதமும் அவர் கேட்க முடியாது. சொந்த வண்டியின் இழப்பையும் ஈடுசெய்வது முழுக் காப்புறுதி மட்டுமே. இனி வருவன யாவும் அதனைப் பற்றியவை.

காப்புறுதியின் அடிப்படை விதி, இழந்ததை ஈடுசெய்தல் என்பதாகும். இழப்புக்கு முன் ஒருவர் எந்நிலையில் இருந்தாரோ அந்நிலைக்கு அவரை மீட்பதே அதன் நோக்கம். அதனினும் மேலான நிலைக்கு உயர்த்துவதன்று. 1883 இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் இவ்விதியைத் தெளிவாக நிலைநாட்டியது. ஒருவர் தம் கட்டடத்தை விற்க உடன்பட்டிருந்த வேளையில் அது தீயினாற் சேதமாயிற்று. காப்புறுதிப் பணத்தையும் பெற்று, வாங்கியவரிடமிருந்து முழு விலையையும் அவர் பெற்றுக்கொண்டார். ஒரே இழப்புக்கு இருமுறை ஈடு பெறலாகாது என்று கூறி, காப்புறுதிப் பணத்தைத் திருப்பிக் கொடுக்குமாறு நீதிமன்றம் தீர்த்தது.

இவ்விதியை மோட்டார் வண்டிக்குப் பொருத்தினால், விபத்து நேர்ந்த நாளில் அவ்வண்டி சந்தையில் என்ன விலை பெறுமோ அதுவே அளவுகோல் ஆகின்றது. பொருத்திய பாகங்களுக்குக் கொடுத்த விலை அளவுகோல் அன்று. உதாரணமாக, வாடகைக்கு வான் ஓட்டிப் பிழைக்கும் ஒருவரைக் கற்பனை செய்து பார்க்கலாம். அவர் ஆசனம், குளிரூட்டி, சில்லு, ஒலிபெருக்கி ஆகியவற்றுக்கு 8 இலட்சம் ரூபா செலவிட்டார். அவ்வகை வான் வெறுமையாக 60 இலட்சம் பெறும். இப்பாகங்களுடன் விற்க முனைந்தால், வாங்குவோர் 63 இலட்சத்துக்கு மேற் கொடார். எனவே 8 இலட்சச் செலவின் இன்றைய பெறுமதி 3 இலட்சமே. பயன்பட்டுத் தேய்ந்ததும், உரிமையாளரின் விருப்பத்துக்கென்றே அமைந்ததும் பிறருக்கு அத்துணை மதிப்புடையன அல்ல.

அந்த 3 இலட்சமேனும் கிடைக்க வேண்டுமாயின், பாகங்கள் இருப்பதைக் காப்புறுதி நிறுவனம் முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். உற்பத்தியாளர் அமைத்த வண்டியையே பத்திரம் பொதுவாகக் கருத்திற் கொள்ளும். பின்னர்ச் சேர்த்தவற்றைத் தனியே குறித்து, பெறுமதியும் எழுதி, அதற்குரிய கட்டுப்பணமும் செலுத்தினாலன்றி அவை காப்புக்குள் அடங்குவது அரிது. அமெரிக்காவிலும் பல பத்திரங்கள் இத்தகைய பாகங்களுக்குச் சிறு தொகையையே வரம்பாக வைத்து, அதற்கு மேல் வேண்டுவோரைத் தனிக் காப்பு வாங்கச் செய்கின்றன.

உள்ளதை மறையாது கூறல் என்பது காப்புறுதியின் மற்றொரு தூண். 1766 இல் இங்கிலாந்தின் பிரதம நீதியரசர் மான்ஸ்ஃபீல்டு பிரபு, சுமாத்திராத் தீவிலிருந்த ஒரு கோட்டையின் காப்புறுதி பற்றிய வழக்கில் இக்கடமையை விளக்கினார். இடரை எடைபோடுவதற்கு வேண்டிய செய்திகள் பெரும்பாலும் காப்புறுதி பெறுபவருக்கே தெரியும். ஆதலின் அவற்றை அவர் மறைத்தலாகாது என்பது அதன் சாரம். அவ்வழக்கிலே வென்றவர் காப்புறுதி பெற்றவரே என்பது கவனிக்கத்தக்கது. மறுபுறத்தார் தாமே அறிந்திருக்க வேண்டியவற்றைச் சொல்லவில்லை என்று பின்னர்க் குறைகூற இயலாது என்பதும் அத்தீர்ப்பின் பகுதியாகும்.

மெத்தையும் ஒலிபெருக்கியும் சொல்லாது விட்டால் அவற்றின் பெறுமதி மட்டுமே இழக்கப்படலாம். இயந்திரத்தை மாற்றியதும், வில்லைத் தாழ்த்தியதும், வாயுத் தாங்கி பொருத்தியதும் அத்தகையன அல்ல. அவை இடரையே மாற்றுவன. அவற்றை மறைத்தால், வண்டிக்குரிய முழுக் கோரிக்கையும் மறுக்கப்பட இடமுண்டு. மேலும், பதிவுச் சான்றிதழில் இயந்திர இலக்கம் எழுதப்பட்டிருப்பதால், இயந்திர மாற்றத்தை மோட்டார் வாகனத் திணைக்களத்திலும் பதிந்துகொள்ளுதல் அவசியம்.

பாகங்களை அறிவித்துவிட்டால் மட்டும் கவலை தீர்ந்ததா? இல்லை. காப்புறுதி செய்த தொகை என்பது வேறு. அறிவித்தல் என்பது வேறு. 2020 மார்ச்சில் இலங்கை அரசு வாகன இறக்குமதியைத் தடைசெய்தது. 2022 இன் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்து, சில மாதங்களுள் 360 ரூபா அளவுக்கு ஏறியது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியிலேயே நீங்கியது. இவ்விடைக்காலத்தில் பழைய வண்டிகளின் விலை பன்மடங்கு உயர்ந்தது. ஆயினும் பத்திரத்தில் எழுதிய தொகை தானாக உயர்வதில்லை.

மேற்கூறிய வான் உரிமையாளர் பாகங்கள் அனைத்தையும் அறிவித்தவர். ஆனால் தொகையைப் பழைய 45 இலட்சத்திலேயே விட்டுவிட்டார் என்று கொண்டால், வான் முழுதும் அழிந்தபோது அவருக்குக் கிடைக்கக்கூடிய உச்சத் தொகை 45 இலட்சமே. உண்மைப் பெறுமதியான 63 இலட்சத்தில் 18 இலட்சம் அவர் தலையில் விழும். சிறு விபத்திலும் அவர் தப்பமாட்டார். சராசரி நிபந்தனை எனப்படும் விதி பத்திரத்தில் இருக்குமாயின், காப்புறுதித் தொகை உண்மைப் பெறுமதியில் எத்தனை பங்கோ, அத்தனை பங்கு இழப்பே கொடுக்கப்படும். 63 இல் 45 என்பது ஏழில் ஐந்து. எனவே 7 இலட்சச் சேதத்துக்கு 5 இலட்சமே கிடைக்கும். மறுதலையாக, 63 இலட்ச வானை 80 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்தாலும், பெறுவது 63 இலட்சத்தை விஞ்சாது. மிகையாகச் செலுத்திய கட்டுப்பணமே நட்டம்.

முழு இழப்பு என்று எப்பொழுது கூறப்படும்? வண்டி எரிந்து உருக்குலைந்தால் மட்டுமன்று. திருத்தும் செலவு அதன் பெறுமதியோடு ஒப்பிடுகையில் பத்திரம் குறிக்கும் அளவைத் தாண்டினாலும் அவ்வாறே கொள்ளப்படும். முழுத்தொகை கொடுத்த நிறுவனம் சிதைந்த வண்டியைத் தனதாக்கிக்கொள்ளும் உரிமை உடையது. உரிமையாளரே அதை வைத்துக்கொள்ள உடன்பாடு ஏற்பட்டால், அதன் விலை கழிக்கப்படும்: 45 இலட்சத்தில், சிதைவின் விலை 10 இலட்சமாயின், கையில் 35 இலட்சம். உரிமையாளர் தாமே ஏற்கவேண்டிய முதற்பகுதி பத்திரத்தில் இருப்பின், அதுவும் கழியும். வண்டி குத்தகைக் கடனில் வாங்கப்பட்டதாயின், பணம் முதலில் செல்லுமிடம் கடன் கொடுத்த நிறுவனமே. மீதியே உரிமையாளருக்கு. தொகை குறைவாயின், வண்டியும் இல்லாமல், கடனும் மிஞ்சி நிற்பவர் அவரே. வருவாய்க்கென ஒரு வானையே நம்பியிருக்கும் குடும்பத்துக்கு இஃது எளிய இடரன்று.

மதிப்பிடப்படாத பாகங்கள் சிதைந்த வண்டியில் நல்ல நிலையில் எஞ்சியிருக்குமாயின், அவற்றைக் கழற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டு, எழுத்தில் இணக்கம் பெறுதல் தக்கது. மதிப்பீட்டாளர் பார்வையிடுமுன் கழற்றுவதோ சந்தேகத்துக்கு இடங்கொடுக்கும்.

பழங்கார்களின் நிலை தனிப்பட்டது. நன்கு பேணப்பட்ட ஆஸ்டின் ஒன்றுக்குச் சந்தை விலை இதுவென்று உறுதியாகச் சொல்ல, ஒப்பிடுவதற்குரிய வண்டிகள் அரியன. இத்தகைய வண்டிக்கு, வல்லுநரின் மதிப்பீட்டைக் கொண்டு இரு திறத்தாரும் முன்னரே இசைந்த பெறுமதியைப் பத்திரத்தில் எழுதும் முறை பல நாடுகளில் உண்டு. அவ்வசதி தம் நிறுவனத்தில் கிடைக்குமாவென வினவுதல் உரிமையாளருக்கு நன்மை தரும்.

ஆகவே, செய்யவேண்டியன சிலவே. பாகம் பூட்டிய நாளிலேயே பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்தி, படமும் எடுத்து வைத்தல் வேண்டும். முகவரிடம் வாய்ச்சொல்லாகக் கூறியதோடு நில்லாமல் நிறுவனத்துக்கு எழுதி, பத்திரத்தில் சேர்த்ததற்கான பதிலைப் பெறுதல் வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்குமுன், அன்றைய சந்தை விலையை விசாரித்துத் தொகையைத் திருத்துதல் வேண்டும். விபத்துக்குப் பின் மதிப்பீடு குறைவென்று தோன்றினால், அதே ஆண்டு, அதே வகை வண்டிகளின் விற்பனை விலைகளைக் காட்டி நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடலாம். அங்கு தீராத பிணக்கைக் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமோ, 2000 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கச் சட்டத்தின் வழி அமைந்த ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ கொண்டுசெல்ல வழியுண்டு.

கராஜில் ஒரு பாகத்தைப் பொருத்த அரைநாள் ஆகும். அதைப் பத்திரத்தில் எழுதுவிக்க ஒரு கடிதம் போதும். முன்னதைச் செய்து பின்னதை மறந்தவரே பெரும்பாலும் விபத்தின் பின் வெறுங்கையுடன் நிற்பவர்.