பூனையும் தவம் செய்யும்!

கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகள் சினிமா பார்க்கலாமா? செங்கற்பட்டு வட்டாரத்தில் இந்தக் கேள்வி இன்று நேற்று எழுந்ததல்ல. பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்த பலர் சினிமாவை அறவே விலக்கியிருக்கிறார்கள். அவர்களுடைய மனவுறுதியை நாம் மதிக்கிறோம். ஆனால் மற்ற வீடுகளில் நடப்பது வேறு. பார்க்கலாமா, கூடாதா என்று பெரியவர்கள் தர்க்கித்துக்கொண்டிருக்கும் போதே பிள்ளைகள் பாதிப் படத்தைப் பார்த்து முடித்துவிடுகிறார்கள்! ஆகவே, எந்தப் படத்தைப் பார்ப்பது, எப்படிப் பார்ப்பது என்று யோசிப்பதே பிரயோஜனமுள்ள காரியம்.

சினிமா நமக்கு அந்நியமான சரக்கும் அல்ல. 1905-ஆம் வருஷத்தில், திருச்சிராப்பள்ளியில் ரயில்வே உத்தியோகத்திலிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக் கருவியை வாங்கி ஊர் ஊராகக் கொண்டு போய்க் காட்டினார். கூடவே அவர் வாங்கிய படங்களில் ஏசுநாதரின் சரித்திரமும் ஒன்று. 1910-இல் பம்பாயில் கிறிஸ்துவின் சரித்திரப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பால்கே என்பவருக்கு, நம் ராமனையும் கிருஷ்ணனையும் இவ்வாறு திரையில் காண்பது எந்நாள் என்ற ஏக்கம் பிறந்தது. அதன் பயனாக 1913-இல் வெளிவந்ததே 'ராஜா ஹரிச்சந்திரா'. பாரத நாட்டுச் சினிமாவின் பிறப்பிலேயே சுவிசேஷக் கதைக்கு ஒரு பங்கு இருக்கிறது.

அப்படியானால் பக்திப் படமென்று பெயர் இருந்தால் போதுமா? திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சென்று, அர்ச்சுனன் தபசு என்று சொல்லப்படும் பாறைச் சிற்பத்தைக் கவனித்துப் பாருங்கள். யானைகளுக்கு அருகே ஒரு பூனை, முன்னங்கால்களை மேலே தூக்கிக்கொண்டு கடுந்தவம் புரிகிறது! அதன் காலடியில் எலிகள் விளையாடுகின்றன. முனிவரின் தவத்தைச் செதுக்கிய பாறையிலேயே பூனையின் தவத்தையும் செதுக்கி வைத்த பல்லவச் சிற்பி, பொல்லாத ஹாஸ்ய ரஸிகனாக இருந்திருக்க வேண்டும். சிலுவையைக் காட்டிக் காசு பறிக்கும் படமும் உண்டு. சாமியைக் காட்டிப் பறிக்கும் படமும் உண்டு. 1948-இல் வந்த சிடாடல் கம்பெனியாரின் 'ஞான சௌந்தரி'யை எல்லா மதத்தாரும் விரும்பிப் பார்த்தார்கள். கதை கிறிஸ்தவக் கதை என்பதற்காக மட்டுமா? எஸ். வி. வெங்கட்ராமனின் சங்கீதம் ஒன்றே போதுமே! அதற்கு மூன்று வருஷம் முன்பு 'மீரா'வுக்கு இசையமைத்தவரும் அவர்தான்.

பிறர் மதக் கதையென்றால் ஒதுக்கிவிட வேண்டும் என்பதையும் நாம் ஏற்கவில்லை. 1987-ஆம் வருஷ ஆரம்பத்தில் டெலிவிஷனில் ராமாயணத் தொடர் துவங்கிய போது பல கிறிஸ்தவ வீடுகளில் சங்கடம் உண்டாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆராதனைக்குப் புறப்படும் வேளையில் அல்லவா ஒளிபரப்பினார்கள்! சங்கடம் நேரத்தைப் பற்றியதே தவிர, ராமனைப் பற்றியதல்ல. வைஷ்ணவராகப் பிறந்து கிறிஸ்தவரான எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, கம்பனில் தோய்ந்த தமிழைக் கொண்டுதான் 'இரட்சணிய யாத்திரிகம்' பாடினார். கம்பன் அவருடைய விசுவாசத்தைக் குலைத்துவிடவில்லை.

பின் எதைக் கொண்டு அளப்பது? பிலிப்பி நகரத்தாருக்கு எழுதிய நிருபத்தில், சிந்திக்கத் தக்கவை இன்னின்னவை என்று பவுல் அப்போஸ்தலர் ஒரு வரிசை கொடுக்கிறார். அதில் கற்பு பிற்பாடுதான் வருகிறது; முதலில் நிற்பது உண்மை. நம் வீடுகளிலோ முத்தக் காட்சி உண்டா, குடி உண்டா என்று விசாரிப்பதோடு சரி. சென்ஸார் சர்டிபிகேட்டும் இதற்கு உதவாது. 2023-இல் சட்டத்தைத் திருத்தி 7, 13, 16 என்று வயது பிரித்திருக்கிறார்கள், நல்லதுதான். ஆனால் படம் சொல்வது மெய்யா பொய்யா என்பதை எந்தச் சர்டிபிகேட் சொல்லும்?

செங்கற்பட்டார் மறக்கக் கூடாத ஓர் உதாரணம் உண்டு. 1954-இல் வந்த 'ரத்தக் கண்ணீர்' படத்தைப் போற்றாதவர் இல்லை. எம். ஆர். ராதாவின் நடிப்பும் பேச்சும் அபாரம். நமக்கும் அதில் மாறுபட்ட அபிப்பிராயம் கிடையாது. சீர்திருத்தப் படம், தாசி வீட்டுக்குப் போகாதே என்று புத்தி சொல்லும் படம் என்று பெற்றோரும் பிள்ளைகளை அழைத்துப் போனார்கள். அதில் தீய வழியில் சென்ற கதாநாயகனுக்குத் தண்டனையாக வருவது எது? குஷ்டரோகம்!

அந்நோய் ஒரு கிருமியால் உண்டாவது என்பதை நார்வே தேசத்து ஹான்ஸன் 1873-லேயே கண்டுவிட்டார். படம் வந்த காலத்தில், நம் ஊருக்கு அடுத்த திருமணியில் லேடி வில்லிங்டன் பெயரால் அமைந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகள் சிகிச்சை பெற்று வந்தார்கள். அங்கே பணிபுரிந்த டாக்டர் ராபர்ட் காக்ரேன், ஸல்போன் மருந்துகளை இந்நோய்க்கு முதன்முதல் கையாண்டவர்களுள் ஒருவர். படம் வந்த மறு வருஷம், 1955-இல், மத்திய சர்க்கார் அந்த ஸ்தாபனத்தை ஏற்று ஆராய்ச்சி நிலையமாக்கினர். மருந்து திருமணியில் இருக்க, கொட்டகையில் அந்நோய் பாவத்தின் சம்பளமாகக் காட்டப்பட்டது. குணமாகி வீடு திரும்பியவனை அண்டை அயலார் எந்தக் கண்ணால் பார்த்திருப்பார்கள்?

பிறவிக் குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் இது என்று சீஷர்கள் கேட்ட போது, இவனும் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்றார் ஏசுநாதர். யோவான் சுவிசேஷத்தின் 9-ஆம் அத்தியாயத்தை ஞாயிறு தோறும் படிக்கும் வீடு கூட, இந்தப் படத்தில் குற்றம் ஒன்றும் காணாமல் கைதட்டிவிட்டு வந்தது.

இப்போது அந்தப் படம் கைபேசியிலேயே கிடைக்கிறது. பார்க்க விரும்பும் பிள்ளையை நாம் தடுக்க மாட்டோம். கூட உட்கார்ந்து பார்ப்போம். நோய் கண்ட மனிதன் வீதிக்கு வந்து நிற்கும் இடத்தில் படத்தைச் சற்றே நிறுத்தி, திருமணியில் நடந்ததைச் சொல்லிவிட்டு, பிறகு ஓட விடுவோம்.