கட்டி என்றாலே புற்றுதானா?

வயிற்றில் கட்டி, வயிறு நிறைய நீர், நெஞ்சிலும் நீர். ஒரு பெண்ணுக்கு இம்மூன்றும் இருந்தால், "முற்றிய புற்றுநோய், இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று வீட்டார் முடிவு கட்டிவிடுவதுண்டு. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து உறவினர்கள் சிகிச்சைக்குப் பெங்களூர் வந்தால் நம் வீடுகளில்தான் தங்குகிறார்கள். ஆகவே இதை நாமும் அறிந்திருப்பது நல்லது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தெருவுக்கு அப்படி ஓர் அம்மாள் வந்தார். அவரது சினைப்பைக் கட்டியை அகற்றிச் சோதித்தபோது, அது ஃபைப்ரோமா எனப்படும் தீங்கற்ற நார்க்கட்டி என்று தெரிந்தது. கட்டி போனதும் நீர் தானாக வற்றியது. இன்று ஊரில் நலமாக இருக்கிறார்.

இதற்கு மெய்க்ஸ் நோய்க்குறித் தொகுப்பு என்று பெயர். அமெரிக்காவின் பாஸ்டன் நகர மருத்துவர் ஜோ வின்சென்ட் மெய்க்ஸ், காஸ் என்பவருடன் சேர்ந்து, இத்தகைய 7 பெண்களைப் பற்றி 1937இல் எழுதினார். மிக அரிதான நிலை இது. சி.ஏ.125 என்ற இரத்தப் பரிசோதனையும் இதில் உயர்ந்து காட்டி ஏமாற்றலாம். வயிற்றுக் காசநோயிலும் அப்படியே.

பெரிய இயந்திரங்கள் இல்லாத மருத்துவமனை என்ன செய்யும்? ஸ்கேன் எடுக்கலாம். ஊசியால் நீரை எடுத்து, புற்றணு உண்டா என்று நுண்ணோக்கியில் பார்க்கலாம். புற்றணு இல்லை என்பது நல்ல அறிகுறியே தவிர, முடிவான தீர்ப்பு அல்ல. அகற்றிய கட்டியைத் திசுப் பரிசோதனை செய்த பிறகே உறுதியாகச் சொல்ல முடியும்.

சிறிய மருத்துவமனைகளில் அந்தக் கட்டியைப் பாட்டிலில் போட்டு உறவினர் கையிலேயே கொடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புவது வழக்கம். அதில் ஃபார்மலின் ஊற்றியிருக்கிறதா, பெயர், வயது, தேதி எழுதியிருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். வெறும் தண்ணீரில் போட்டால் திசு கெட்டுவிடும். அறிக்கையையும் கண்ணாடிச் சில்லுகளையும் மெழுகுக் கட்டியையும் பற்றிக் கேட்டு வையுங்கள். இன்னொரு மருத்துவரின் கருத்தைப் பெற அவை தேவைப்படும்.

நம் ஊரில் 1935 முதல் இயங்கும் வாணி விலாஸ் மருத்துவமனையும், 1973இல் தொடங்கிய கித்வாய் புற்றுநோய் மருத்துவமனையும் அரசுடையவை. ரயில்வேயில் நான் கற்றதும் இதுதான்: சோதித்துப் பார்க்காமல் எதையும் கழித்துக் கட்டக் கூடாது. அறிக்கை வரும்வரை எந்தத் தாயையும் கைவிடாதீர்கள்.