பேஸ் கிதார் டேப்லேச்சர்

பேஸ் கிதார் டேப்லேச்சர் என்பது எந்தத் தந்தியில் எந்த மெட்டில் விரல் வைக்க வேண்டும் என்பதை எண்களால் காட்டும் இசைக் குறியீட்டு முறை ஆகும். இது சுருக்கமாக டேப் எனப்படும். நான்கு கோடுகள் நான்கு தந்திகளைக் குறிக்கின்றன. தடித்த ஈ தந்தி கீழ்க்கோடாகவும் மெல்லிய ஜி தந்தி மேற்கோடாகவும் எழுதப்படும். கருவியை ஏந்தும்போது தடித்த தந்தியே மேலே இருப்பதால் புதியவர்கள் இதில் குழம்புவதுண்டு. 0 என்பது எந்த மெட்டையும் அழுத்தாமல் மீட்டுவதாகும்.

பங்க் ராக் பாடல்களைக் கற்போர் இம்முறையைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர். எடுத்துக்காட்டாக, ரமோன்ஸ் குழுவின் "பிளிட்ஸ்கிரீக் பாப்" (1976) பாடலின் முதன்மைச் சுரங்களான ஏ, டி, ஈ மூன்றையும் முறையே ஈ தந்தியின் 5ஆம் மெட்டிலும் ஏ தந்தியின் 5ஆம், 7ஆம் மெட்டுகளிலும் வாசிக்கலாம். இடங்களை மனனம் செய்யச் சில நிமிடங்களே போதும்.

ஆயினும் எளிய டேப், சுரத்தின் கால அளவைக் காட்டுவதில்லை. பங்க் இசையின் கடினமோ அதில்தான் உள்ளது. டீ டீ ரமோன் பிக்கைப் பெரும்பாலும் மேலிருந்து கீழாக மட்டுமே அடித்து, ஒவ்வொரு சுரத்தையும் சீரான விரைவில் மீண்டும் மீண்டும் ஒலித்தார். இதனை எண்களிலிருந்து அறிய இயலாது. ஒலிப்பதிவைக் கேட்டே அறிய வேண்டும். பின்னர் மெட்ரோனோமுடன் மெதுவாகத் தொடங்கி, மணிக்கட்டு இறுகாதவாறு விரைவைச் சிறிது சிறிதாகக் கூட்டுவது வழக்கம்.