எர்திக் மாளிகைக்குப் பின்வாசல் வழியே வாங்க!

முன்வாசலை மறந்துவிடுங்கள். வேல்ஸில், ரெக்ஸம் ஊரையொட்டி இருக்கும் எர்திக் மாளிகையைப் பார்க்க வருகிறவர்கள் தச்சுப்பட்டறை, குதிரை லாயம், சலவைக்கூடம், அடுக்களை என்று கொல்லைப்புறமாகத்தான் உள்ளே போக வேண்டும். வேலைக்காரர்கள் நடந்த அதே பாதை! பட்டும் படாடோபமும் அப்புறம்தான்.

வழியில் பணியாளர் கூடத்துச் சுவரைப் பாருங்கள், பாருங்கள்! வரிசையாக எண்ணெய் வண்ண ஓவியங்கள். பிரபுக்களா? தளபதிகளா? இல்லவே இல்லை! ஒருவர் தச்சர், ஒருவர் சமையற்கட்டு ஆள். அதோ அந்தப் பாட்டி ஜேன் எப்ரெல், வீட்டுக்கு ஒட்டடை அடித்தவர். படம் வரைந்தபோது வயது 87! 1790களில் ஜான் வால்ட்டர்ஸ் என்ற ஓவியரை அமர்த்தி இவர்களை வரையச் சொன்ன எசமானர் பிலிப் யார்க், ஒவ்வொருவர் மேலும் தாமே பாட்டுக் கட்டி ஓவியத்திலேயே எழுதவும் வைத்தார். 1852இல் அவருடைய வாரிசுகள் பணியாளர்களைக் கேமரா முன்னால் நிறுத்தினார்கள். எத்தனையோ அரண்மனைகளில் துடைப்பம் பிடித்தவர்களின் பெயர்கூட மிஞ்சவில்லை. இங்கே முகமே மிஞ்சியிருக்கிறது. எனக்கு இந்த ஒரு சுவர் போதும்.

ஆனாலும் அரசப் படுக்கையறையை விட முடியுமா? அங்கே நிற்கும் சீன அரக்குத் திரை நம் சென்னைக் கோட்டையிலிருந்து போனது! 1682இல் அனுப்பியவர், அப்போது அங்கே கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகத்தில் இருந்த எலிஹு யேல். பிறகு சென்னைக்கே கவர்னரானாரே, அவரேதான். திரையைப் பரிசாகப் பெற்ற ஜோஷுவா எடிஸ்பரி அதன்பின் இந்த மாளிகையைக் கட்டத் தொடங்கி, கடனில் மூழ்கிப்போனார்.

1733 முதல் மாளிகை யார்க் குடும்பத்துக்கு. பொறுப்புக்கு வந்தவர்கள் எல்லாருமே ஒன்று சைமன், இல்லையென்றால் பிலிப்! இருபதாம் நூற்றாண்டில் நிலக்கரிக்காக அடியில் தோண்டத் தோண்ட, வீடு ஐந்தடி இறங்கிவிட்டது. கூரை விரிசல்விட்டு, சீனப்பட்டு போர்த்திய கட்டில்மேல் மழை ஒழுகியது. கடைசி வாரிசான இன்னொரு பிலிப் யார்க், மின் இணைப்பே இல்லாத அந்த வீட்டில் காலம் தள்ளினார். எவ்வளவு இடிந்தாலும் அவர் விற்கவில்லை. 1973இல், பழைய மாளிகைகளைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் ஒப்படைத்தபோது, எதையும் வெளியே எடுக்கக் கூடாது என்று உறுதி வாங்கிக்கொண்டார். அதனால்தான் இன்றைக்கும் சுமார் 30,000 பொருள்கள் உள்ளேயே இருக்கின்றன: சீனப்பட்டுக் கட்டில், பழைய சைக்கிள்கள், யேல் அனுப்பிய திரை, பாட்டி ஜேனின் படம், எல்லாமே!