நிறை பார்த்தாயிற்று, நீளம் பார்த்தீர்களா?

கிளினிக்கிலிருந்து குழந்தையோடு திரும்பும் தாயிடம் வழியில் காண்பவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "எவ்வளவு நிறை?" தெல்லிப்பழையில் அண்மையில் நாம் சந்தித்த ஓர் இளம் தாயிடம் நாமும் அதையே கேட்டோம். பதினான்கு மாத மகளின் நிறையை உடனே சொன்னார். நீளம் எவ்வளவு என்றபோது சற்றுத் தயங்கினார். "அது குறைவெண்டு மிஸ் சொன்னவ. நானும் கட்டைதானே, அதாலயாக்கும்" என்று சிரித்தார். அருகிலிருந்த அம்மம்மாவும் தலையாட்டினார்.

இந்தப் பதிலை நாம் பல வீடுகளில் கேட்டிருக்கிறோம். உயரத்தில் பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பது உண்மையே. ஆனால் அந்தத் தாய் பிறந்தது 1994இல். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறிய குடும்பம், முகாமில் இருந்த காலம் அது. மறு வருடம் ஐப்பசி இடப்பெயர்வில் ஒரு வயதுப் பிள்ளையாகத் தென்மராட்சிக்குத் தூக்கிச் செல்லப்பட்டார். பொருளாதாரத் தடை இருந்த அந்த வருடங்களில் பாலும் முட்டையும் மருந்தும் எவ்வளவு கிடைத்தன என்பதை எமது வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. கருவில் தொடங்கி இரண்டு வயது வரையான காலமே ஒருவரின் உயரத்துக்கு அத்திவாரம். அப்படியானால் இன்று அவர் கட்டையாக இருப்பது குடும்பத்தின் அளவா, அந்த வருடங்களின் அளவா? தாய் தகப்பனின் உயரத்தைக் கூட்டி, ஆண்பிள்ளைக்கு 13 சென்ரிமீற்றர் சேர்த்து, பெண்பிள்ளைக்கு 13 கழித்து, இரண்டால் வகுத்துப் பிள்ளையின் வருங்கால உயரத்தை மதிப்பிடும் கணக்கு ஒன்று உண்டு. பெற்றாரே முழுதாக வளர முடியாத ஊரில் இந்தக் கணக்கு ஏமாற்றிவிடும்.

எங்கள் சனமே கட்டை என்பதும் சிறுபிள்ளை வயதில் பொருந்தாது. 1997 முதல் 2003 வரை உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் ஏறத்தாழ 8,500 குழந்தைகளை அளந்தது. தாய்ப்பாலும் நல்ல உணவும் சுகாதாரமான வீடும் கிடைத்த பிள்ளைகளையே தெரிந்தெடுத்தார்கள். புதுடில்லிப் பிள்ளையும் ஒஸ்லோப் பிள்ளையும் ஏறக்குறைய ஒரே அளவாக வளர்ந்தார்கள். நீளத்தில் கண்ட வித்தியாசங்களில் நாட்டுக்கு நாடு என்று சொல்லக்கூடியது நூற்றுக்கு மூன்று பங்குதான். 2006இல் வெளியான அந்த அளவுகளே எமது பிள்ளைகளின் சுகாதார விருத்திப் பதிவேட்டிலும் வளைகோடுகளாக வரையப்பட்டிருக்கின்றன.

பிறக்கும்போது ஏறக்குறைய 50 சென்ரிமீற்றர் இருக்கும் குழந்தை முதல் வருடத்தில் 25 சென்ரிமீற்றர் வளர்கிறது. அடுத்த வருடம் 12 அளவில். ஒரு வயதில் ஆண்பிள்ளையின் நடுத்தர நீளம் 75.7, பெண்பிள்ளைக்கு 74. முறையே 71, 68.9 என்பவற்றுக்குக் கீழே போனால் வயதுக்கேற்ற உயரம் இல்லை என்று கொள்வார்கள். ஆனாலும் ஒரு புள்ளியைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், ஆறுதலடையவும் வேண்டாம். கீழ்க்கோட்டை ஒட்டியே ஒழுங்காக ஏறும் பிள்ளை சுகமாக இருக்கலாம். நடுக்கோட்டில் இருந்து மெல்ல மெல்லச் சரிந்து வரும் பிள்ளையையே கவனிக்க வேண்டும். எட்டாம் மாதத்தில் பிறந்த பிள்ளைக்கு, முந்திய அந்த வாரங்களை இரண்டு வயது வரை வயதிலிருந்து கழித்தே புள்ளி இட வேண்டும்.

அளவு பிழைத்தால் கோடும் பிழைக்கும். இரண்டு வயதுக்குக் கீழே படுக்க வைத்தே அளக்க வேண்டும், அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலையைப் பிடித்து உச்சியைப் பலகையில் முட்ட வைக்க, மற்றவர் முழங்கால்களை மெல்ல அமத்திப் பாதம் நிமிர்ந்திருக்க அசையும் பலகையைக் கொண்டுவருவார். தையல் நாடாவை உடம்பின்மேல் போட்டு அளப்பது வீண்வேலை. வண்டி வளைவில் நாடாவும் வளைந்துவிடும். வீட்டில் பார்க்க விரும்பினால் சீமெந்துத் தரையில் பாய் விரித்து, உச்சியைச் சுவரில் முட்டக் கிடத்தி, குதிக்காலில் ஒரு தடித்த புத்தகத்தை நிமிர்த்தி வைத்து அடையாளமிடலாம். இரண்டு தரம் அளக்க வேண்டும். இரண்டு வயதில் நிறுத்தி அளக்கத் தொடங்கும்போது 0.7 சென்ரிமீற்றர் குறைவாகக் காட்டும், பிள்ளை சுருங்கிவிட்டதென்று கலங்கவேண்டாம். அளந்தால் நாவூறுபடும் என்று மறிக்கும் அம்மம்மாமாரிடம் நாம் வாதாடுவதில்லை. அளந்து முடிய நாவூறு கழிக்கச் சொல்கிறோம்.

நிறை மட்டும் போதாதா என்று கேட்பார்கள். வயிற்றோட்டம் வந்தால் நிறை இறங்கும், சுகமானதும் ஏறும். நிறை இந்த மாதத்தின் கதையைச் சொல்கிறது. நீளம் இறங்குவதில்லை, நின்றுவிடுகிறது. அது மெதுவாக நடப்பதால் கண்ணில் படுவதில்லை. கட்டையாகவும் கொழுகொழுவென்றும் இருக்கும் பிள்ளையை எல்லோரும் கொஞ்சுவார்கள், ஒருவரும் சந்தேகப்படார். 2016இல் நடந்த நாடளாவிய குடித்தொகை, சுகாதார ஆய்வில் ஐந்து வயதுக்குட்பட்ட நூறு பிள்ளைகளில் 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த நுவரெலியா மாவட்டத்தில் 32 பேர். அதன்பின் 2022இன் நெருக்கடியில் பால்மாவும் முட்டையும் மீனும் எட்டாத விலைக்குப் போனதை எல்லோரும் அனுபவித்தோம்.

அந்தத் தாயின் பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். ஒன்பது மாதத்தில் 67.5. பன்னிரண்டில் 69. நான்களவு வளரவேண்டிய மூன்று மாதத்தில் ஒன்றரைதான் வளர்ந்திருக்கிறது. என்ன நடந்தது என்று கேட்டோம். பத்தாம் மாதத்தில் இரண்டு தரம் வயிற்றோட்டம். அதற்குப் பிறகு மாந்தம் வருமென்று மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். அரிசிக் கஞ்சியும் மாவில் கரைத்த கூழும்தான். உயரமாக வளரும் என்று விளம்பரத்தில் கண்ட மாப்பேணி ஒன்றும் அலுமாரியில் இருந்தது. அதன் விலைக்கு எத்தனை முட்டை வாங்கலாம் என்று அம்மம்மாவே கணக்குப் பார்த்தார்.

பரம்பரையாக இருந்தால் கோடு ஒன்பதாம் மாதத்துக்குப் பிறகு திடீரென்று ஏன் படுக்க வேண்டும் என்று நாம் கேட்டபோது தாய் நெடுநேரம் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது. தாய்ப்பால் இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடரலாம். தினமும் ஒரு முட்டை அல்லது முள் நீக்கி மசித்த சூடை மீன், பருப்பு, முருங்கையிலை, கஞ்சிக்குப் பதில் ஒரு கரண்டி எண்ணெய் விட்டுப் பிசைந்த சோறு. கொதித்தாறிய தண்ணீர், சவர்க்காரம் போட்டுக் கழுவிய கை. இவ்வளவும் அவரது குடும்பநல உத்தியோகத்தர் முன்பே சொன்னவைதான். கோடு தொடர்ந்து படுத்திருந்தால் சுகாதார வைத்திய அதிகாரியிடம் காட்ட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். அடுத்த அளவு பதினெட்டாம் மாதத்தில். அந்தத் திகதியைத் தாய் சுவர்க் கலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.