ஒரு நுரையீரலை நிறுத்திவைத்து

திம்புள்ளப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒருவர் நெஞ்சுச் சத்திரசிகிச்சைக்கு வெலிசறை வைத்தியசாலைக்குப் போகிறார் என்றால், "ஒரு நுரையீரலை நிறுத்திவிடுவாங்களாமே" என்றுதான் வீட்டார் முதலில் பதறுவார்கள். நிறுத்துவது உண்மைதான். விரிந்து சுருங்கிக்கொண்டே இருக்கும் நுரையீரலில் கத்தி வைப்பது கடினம். அதனால் மயக்க மருந்து வைத்தியர் மூச்சுக்குழலுக்குள் இரட்டைக் குழாய் ஒன்றை இறக்கி, ஒரு பக்கத்துக்கு மட்டும் காற்று கொடுக்கிறார். சுவீடன் நாட்டு வைத்தியர் கார்லென்ஸ் 1949இல் இதை அறிமுகப்படுத்தியபோது, ஒவ்வொரு நுரையீரலையும் தனித்தனியே பரிசோதிப்பதே நோக்கமாக இருந்தது.

காற்று நின்ற நுரையீரலுக்கும் இரத்தம் போய்க்கொண்டேதான் இருக்கும். அது ஒட்சிசன் ஏறாமலே திரும்பி, நல்ல இரத்தத்தோடு கலந்துவிடுகிறது. மறுபக்கம் தூய ஒட்சிசனைச் செலுத்தினாலும் இந்தக் குறை முழுதாகத் தீராது.

இங்கே உடம்பே கைகொடுக்கிறது. எனக்குப் பெரிய வியப்பு இதுதான். ஒட்சிசன் குறைந்த இடத்தில் நுரையீரலின் இரத்தக் குழாய்கள் தாமாகவே இறுகி, இரத்தத்தைக் காற்றுள்ள பக்கம் திருப்பிவிடுகின்றன. ஆய்லரும் லில்யெஸ்ட்ராண்டும் 1946இல் பூனைகளில் இதைக் காட்டினார்கள். இமயம் போன்ற உயரத்தில் இதே குணம் நுரையீரல் முழுவதிலும் வேலை செய்து ஆபத்தாகிவிடும். திம்புள்ளயின் 1100 முதல் 1700 மீற்றர் உயரத்துக்கு அந்தப் பயம் வேண்டாம். மயக்க வாயு அளவு மிஞ்சினால் இந்த இறுக்கம் தளர்ந்துவிடும் என்பதால் வைத்தியர் அதை அளந்தே கொடுக்கிறார். நோயாளியை நல்ல நுரையீரல் கீழே இருக்கும்படி சரித்துப் படுக்கவைப்பதால், புவியீர்ப்பும் இரத்தத்தை அந்தப் பக்கம் இழுக்கிறது.

விரலில் மாட்டும் கருவி சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் பாய்ச்சி ஒட்சிசனைக் கணிக்கிறது. அதன் அடிப்படையை 1970களில் கண்டவர் ஜப்பானின் தக்குவோ அயோயாகி. ஒட்சிசன் இறங்க இறங்க அதன் 'பீப்' ஒலியும் கட்டையாகும். திரையைப் பார்க்காமலே வைத்தியர் கண்டுகொள்வார். உடனே ஒட்சிசனைக் கூட்டி, குழாய் நகர்ந்துவிட்டதா என்று மெல்லிய கமெரா விட்டுப் பார்ப்பார். பெரும்பாலும் கோளாறு அங்கேதான். சளி இருந்தால் உறிஞ்சி எடுப்பார். அதற்கும் சரிவராவிட்டால், நிறுத்திய நுரையீரலுக்கு மெல்லிய அழுத்தத்தில் கொஞ்சம் ஒட்சிசன் கொடுப்பார். மிகவும் இறங்கினால் சத்திரசிகிச்சை நிபுணரைக் கையை எடுக்கச் சொல்லிவிட்டு, இரண்டு நுரையீரலையும் ஊதி விரிப்பார்.

விறகடுப்புப் புகையில் வருடக்கணக்காகச் சமைத்தவர்களும் புகைபிடிப்பவர்களும் அதை முன்கூட்டியே வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லவேண்டும். ஒற்றை நுரையீரல் எவ்வளவு தாங்கும் என்று சோதித்துத் திட்டமிட அவருக்கு அது உதவும்.